விரல் சூப்புகிற பிள்ளைக்கு ஏன் இவ்வளவு ஏச்சு?

ஆலங்குடாவில் எந்த வீட்டுக்கும் போய் ஒரு பத்து நிமிஷம் இருந்து பாருங்கள். அந்த வீட்டில் விரல் சூப்புகிற பிள்ளை ஒன்று இருந்தால், அதற்குள் குறைந்தது மூன்று பேராவது அந்த விரலைப் பற்றி ஏதாவது சொல்லி முடித்திருப்பார்கள். "எடு விரலை!" என்று ஒரு அதட்டல். "வெட்டி காகத்துக்குப் போட்டிருவன்" என்று ஒரு மிரட்டல். பொம்பளப் பிள்ளை என்றால் கூடவே, "பல்லு மிதந்தா ஆரு உன்னைக் கட்டுவான்?" பிள்ளைக்கு வயது மூன்று. கலியாணம் என்றால் புரியாணி என்ற அளவில்தான் அதுக்குத் தெரியும்.

இதைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் எங்கள் வாட்ஸ்அப் குழுமத்திலேயே சிரிப்பு. "பிள்ளை வளர்க்கிறதைப் பற்றிக் கதைக்க உங்கள்ல எத்தனை பேர் கலியாணம் முடிச்சிருக்கீங்க?" என்று கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் பிள்ளைகளை வளர்க்கிறது உம்மா வாப்பா மட்டும்தானா? உம்மா வெங்காயத் தோட்டத்துக்குப் போனால் ராத்தா பார்க்கிறாள். வாப்பா கடலுக்குப் போனால் நானா முன்பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். உம்மா சவூதிக்கோ குவைத்துக்கோ போயிருந்தால் உம்மம்மாவும் ராத்தாவும் சேர்ந்துதான் எல்லாம். பதினாறு, பதினேழு வயதில் இடுப்பில் ஒரு தம்பியைச் சுமந்துகொண்டு ஓ.எல் படிக்கிற பிள்ளைகள் இதை வாசிப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இது.

எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விரல் சூப்புகிற சின்னப் பிள்ளைக்கு ஊரில் நடக்கிற வைத்தியத்தில் முக்கால்வாசி தேவையில்லாதது. கொஞ்சம் ஆபத்தானது. உண்மையில் உதவி தேவைப்படுகிற வயது வரும்போது, அதுவரை ஏசி ஏசிக் களைத்துப்போன பெரியவர்கள் கைவிட்டு விடுகிறார்கள்.

விரல் சூப்புவது பிள்ளை யாரையும் பார்த்துப் பழகுகிற கெட்ட பழக்கம் இல்லை. பிறக்க முதலே, வயிற்றுக்குள் இருக்கும்போதே பிள்ளை விரல் சூப்புவதை ஸ்கேன் படங்களில் பார்க்கலாம். கன்னத்தில் ஏதும் பட்டால் அந்தப் பக்கம் வாயைத் திருப்புவது, வாய்க்குள் வந்ததை உறிஞ்சுவது, இரண்டும் பிள்ளை பிறக்கும்போதே கொண்டுவரும் வித்தைகள். அது இல்லாவிட்டால் பால் குடிக்க முடியாது. பால் குடிக்கும்போது வயிறு மட்டும் நிறைவதில்லை, மனசும் அடங்குகிறது. அந்த அடக்கத்தைத் தானே உண்டாக்கிக் கொள்ளலாம் என்று பிள்ளை கண்டுபிடிக்கிற முதல் வழி விரல். யோசித்துப் பார்த்தால் அது பெரிய கெட்டித்தனம். அழுகையை நிறுத்த இன்னொரு ஆள் வரும்வரை காத்திருக்காமல், தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள ஒரு மூன்று மாதப் பிள்ளைக்குத் தெரிகிறது. எங்கள் வயதில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஃபோனை எடுத்து ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகிறோம், அதுவும் ஒரு விரல் வேலைதான்.

பெரும்பாலான பிள்ளைகள் இரண்டுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட வயதில் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். ஓடி விளையாட, கதைக்க, மண்ணில் கிண்ட, கைக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. இதனால்தான் ஊரில் எல்லா வைத்தியமும் "பலித்தது" போலத் தெரிகிறது. மூன்றரை வயதில் வேப்பெண்ணெய் பூசினார்கள், நாலு வயதில் நின்றது, வேப்பெண்ணெய்க்குப் பேர் வந்துவிட்டது. பூசாத பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே வயதில்தான் நிறுத்தியது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

விரலை வெட்டுவேன் என்று மிரட்டுவது எங்கள் ஊரின் தனிச்சொத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட் நகரத்து வைத்தியர் ஹைன்றிஷ் ஹொஃப்மன் 1845-இல் ஒரு சிறுவர் படப்புத்தகம் வெளியிட்டார். தன்னுடைய மூன்று வயது மகனுக்கென்று எழுதினது. அதில் ஒரு கதையில், உம்மா வெளியே போனதும் விரல் சூப்புகிற பையனிடம் ஒரு தையல்காரன் பெரிய கத்தரிக்கோலோடு பாய்ந்து வந்து இரண்டு பெருவிரலையும் வெட்டிவிட்டுப் போகிறான். சொட்டுச் சொட்டாக இரத்தம் விழுகிற படத்தோடு. அந்தப் புத்தகம் பல மொழிகளுக்குப் போய், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பயப்படுத்தியது. 1879-இல் ஹங்கேரியின் சிறுவர் வைத்தியர் லின்ட்னர் இந்தப் பழக்கத்தைப் பற்றி ஓர் ஆய்வு எழுதினார். 1905-இல் சிக்மண்ட் ஃப்ராய்ட் அதை எடுத்து, விரல் சூப்புவதைப் பாலியலோடு முடிச்சுப் போட்டார். அதோடு ஐரோப்பியப் பெற்றோருக்கு இருந்த பயம் இன்னும் கூடியது. பிள்ளைகளின் கையைத் துணியால் கட்டுவது, முழங்கை மடங்காமல் மட்டை வைப்பது என்றெல்லாம் செய்திருக்கிறார்கள். எங்கள் உம்மம்மாக்கள் அவர்களைவிட எவ்வளவோ நல்லவர்கள்.

சரி, பல்லு? பயம் முழுக்கப் பொய்யா என்றால், இல்லை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வயதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய உண்மை. விரல் வாய்க்குள் இருக்கும்போது மேல் முன்பல்லை வெளியே தள்ளுகிறது, கீழ் முன்பல்லை உள்ளே சாய்க்கிறது. நாக்கு கீழே அமுங்கிக் கிடக்க, கன்னத் தசை இரண்டு பக்கமும் இறுக்க, மேல் தாடை ஒடுங்கிப் போகிறது. கடைசியில் பிள்ளை பல்லைக் கடித்தாலும் முன்னால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முட்டாமல் இடைவெளி நிற்கும். இடியப்பத்தை முன்பல்லால் கடித்து அறுக்க முடியாது. சில பிள்ளைகளுக்கு "ஸ" போன்ற எழுத்துகள் நாக்கு வெளியே வந்து கொழகொழத்து விழும். குர்ஆன் மத்ரசாவில் எழுத்து எழுத்தாகச் சரியான இடத்திலிருந்து சொல்லப் பழக்குகிற வயதில் அது பிள்ளைக்கு ஒரு தலையிடி.

ஆனால் பல்லை நகர்த்துவது பெலத்தைவிட நேரம்தான். ஒரு பல் இடம் மாற வேண்டுமென்றால் மெல்லிய அழுத்தமென்றாலும் நாளொன்றுக்கு சுமார் 6 மணித்தியாலம் தொடர்ந்து வேண்டும் என்பது பல் சீரமைப்புக்காரர்களின் பொதுக் கணக்கு. நித்திரைக்கு முன்னம் பத்து நிமிஷம் சூப்பிவிட்டு விரலைக் கழற்றிவிடுகிற பிள்ளையும், இரவு முழுக்க விரலோடு தூங்குகிற பிள்ளையும் ஒன்றில்லை. அடுத்தது, அது பால்பல். நிலையான முன்பற்கள் 6 வயதளவில்தான் முளைக்கத் தொடங்கும். அதற்கு முதல் பழக்கம் நின்றுவிட்டால் முன்பல் இடைவெளி அநேகமாகத் தானாகவே மூடிக்கொள்ளும். அதனால் நான்கு வயது வரை அவசரமில்லை. நான்கிலிருந்து ஆறு வரை மெதுவாக, பிள்ளையின் சம்மதத்தோடு உதவலாம். ஆறு தாண்டியும் நிற்கவில்லை என்றால் பல் சிகிச்சையாளரிடம் காட்டியே ஆக வேண்டும். இடையில் விரல் வெடித்து, நகச்சுத்து வந்து பழுத்தால், அல்லது பல் பார்வைக்கே சாயத் தொடங்கினால் நான்கு வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நியூசிலாந்தில் டனிடின் என்ற ஊரில் 1972–73-இல் பிறந்த 1037 பிள்ளைகளை, அவர்கள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்த ஆய்வில் இருந்து 2016-இல் ஒரு முடிவு வெளிவந்தது. விரல் சூப்பிய அல்லது நகம் கடித்த பிள்ளைகளில் 13 வயதில் தோல் பரிசோதனையில் ஒவ்வாமை காட்டியவர்கள் 38 வீதம். இரண்டு பழக்கமும் இல்லாதவர்களில் 49 வீதம். ஊத்தை கொஞ்சம் வாய்க்குள் போனதால் உடம்பு பழகிக்கொண்டிருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். ஆஸ்த்துமாவிலோ தும்மல் வருத்தத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. அதனால் பிள்ளையை விரல் சூப்பப் பழக்குங்கள் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் கைக்கு ஒட்டுவது அந்த ஊர் ஊத்தை மட்டும் இல்லையே. பாலாவியிலிருந்து கல்பிட்டிக்குப் போகிற வீதியில் இரண்டு பக்கமும் மணல் தரை. சின்ன வெங்காயம், கொச்சிக்காய், மரக்கறி. தோட்டத்துக்கு மருந்து அடித்த கையோடு, அடித்த உடுப்போடு வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் டேங்கைக் கழுவி முற்றத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அந்த மண்ணில்தான் பிள்ளை விளையாடுகிறது. அதே கை வாய்க்குப் போகிறது. வயிற்றுப் பூச்சிக்கும் இதே பாதைதான். (வயிற்றுக்குக் கொடுக்கிறதும் பூச்சி மருந்து, தோட்டத்துக்கு அடிக்கிறதும் பூச்சி மருந்து என்று நாங்கள் சொல்வது எவ்வளவு ஆபத்தான ஒற்றுமை!) ஆலங்குடாவில் விரல் சூப்புகிற பிள்ளைக்காக நாளைக்கே ஒன்று செய்ய வேண்டும் என்றால், எங்கள் பதில் சவர்க்காரம். சாப்பிட முதல், நித்திரைக்கு முதல், விளையாடி வந்ததும் கையைக் கழுவி விடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கள். மருந்து டேங்கைப் பிள்ளை போகாத இடத்தில் வையுங்கள். விரலை நிறுத்த இரண்டு வருஷம் எடுக்கலாம், இதை இன்றைக்கே செய்யலாம்.

பூசுகிற கதைக்கு வருவோம். வேப்பெண்ணெய், கற்றாழைச் சாறு, கரியபோளம், கொச்சிக்காத் தூள், தலையிடிக்குப் பூசுகிற பாம். இதில் கொச்சிக்காவும் பாமும் கூடவே கூடாது. அந்த விரல் வாய்க்கு மட்டும் போவதில்லை, நித்திரையில் கண்ணைக் கசக்கும். கற்பூரம் கலந்த தைலங்கள் சின்னப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகக் கூடாதவை, வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். வேப்பெண்ணெயும் சின்னப் பிள்ளை குடிக்கக்கூடிய சாமான் இல்லை, ஊர் மருந்து என்பதால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். கற்றாழைக் கசப்பு உயிருக்கு ஒன்றும் செய்யாது, வயிற்றால் போகவைக்கும். ஆனால் பிள்ளை அழுகிற நேரம், தன்னை ஆற்ற ஓடிப்போகிற ஒரே இடத்தில் கசப்பைத் தடவி வைத்தால் அது என்ன செய்யும்? கன பிள்ளைகள் கசப்பை நக்கித் துப்பிவிட்டுத் திரும்பவும் சூப்பும். அவ்வளவுதான். அமெரிக்காவில் நேதன் அஸ்ரின் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் 1980-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குக் கசப்பு பூசச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு வேறு ஒரு வித்தை கற்றுக் கொடுத்தார்கள்: விரல் வாய்க்குப் போகப் பார்க்கிறது என்று தெரிந்ததும் பெருவிரலை உள்ளே வைத்து கையைப் பொத்திப் பிடித்துக்கொள்வது, கொஞ்ச நேரத்துக்கு. கசப்பைவிட இந்த வித்தைதான் நன்றாக வேலை செய்தது. 2015-இல் கொக்ரேன் அமைப்பு இந்த விஷயத்தில் இருந்த ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தது. தேறியது வெறும் 6 ஆய்வுகள், 250 அளவிலான பிள்ளைகள். பாராட்டு, பரிசு, நினைவூட்டல் மாதிரியான வழிகளும், பல் வைத்தியர் மேலண்ணத்தில் பொருத்துகிற கம்பியும் உதவுகின்றன, ஆனால் சான்று பலமில்லை என்று முடித்தார்கள். உலகம் முழுக்க இத்தனை உம்மாமார் இத்தனை நூற்றாண்டாகக் கவலைப்பட்ட விஷயத்துக்கு இவ்வளவு கொஞ்ச ஆராய்ச்சிதானா என்று எங்களுக்கு ஆச்சரியம்.

இனிச் சொல்லப் போவதுதான் எங்களுக்கு முக்கியம்.

எங்கள் ஊர்ப்பக்கக் குடும்பங்களில் பெரும்பங்கு 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30-இல் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். ஐந்து மாவட்டங்களிலும் 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட சனம் வெளியேறியது. கையில் இருந்ததும் வழியில் பறிபோனது. வந்து இறங்கி, கிடுகுக் கொட்டிலில், மணலில் படுத்த பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் இல்லை, பழகிய வீடும் இல்லை, சில நேரம் பாலும் இல்லை. விரல் இருந்தது. அன்றைக்கு மூன்று வயதாக இருந்தவர்களுக்கு இன்றைக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது, அவர்கள்தான் இப்போது "எடு விரலை" என்று அதட்டுகிற வாப்பாமார், உம்மாமார். இதே மாதிரி ஒரு காட்சியை இரண்டாம் உலக யுத்தத்தில் லண்டனில் அன்னா ஃப்ராய்டும் டொரதி பேர்லிங்ஹமும் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள். குண்டுவீச்சில் வீடிழந்து, தாயைப் பிரிந்து, ஹம்ப்ஸ்டெட் பராமரிப்பு இல்லங்களில் தங்கியிருந்த பிள்ளைகள். விரல் சூப்புவது, படுக்கையை நனைப்பது, ஆடிக்கொண்டே இருப்பது என்று அந்தப் பிள்ளைகள் தங்களை ஆற்றிக்கொண்ட வழிகளை அவர்கள் குறித்து வைத்தார்கள். ஏசி நிறுத்தப் பார்க்கவில்லை, பிள்ளைக்கு எது இல்லாமல் போனது என்று தேடினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் "இவ என்ட ஆள்" என்று சொல்ல ஒரு ஆளை ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

முகாம் காலம் முடிந்தது, பிரிவு முடியவில்லை. எங்கள் வீடுகளில் உம்மாமார் வெளிநாட்டுக்குப் போகிறார்கள். 2022-இல் நாடு வங்குரோத்தான வருஷம், இலங்கையிலிருந்து வேலைக்கென்று வெளிநாடு போனவர்கள் 3 இலட்சத்துக்கும் அதிகம். அதற்கு முதல், 2013-இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் உம்மா வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாது. வாப்பா எந்த வயதுப் பிள்ளையை விட்டுவிட்டும் போகலாம், அவரிடம் யாரும் அறிக்கை கேட்கவில்லை. 2022-இல் அந்த விதியைத் தளர்த்தினார்கள், டொலர் தேவைப்பட்டது. பிள்ளையின் நன்மைக்கு என்று கொண்டுவந்த விதி, நாட்டின் கல்லாப்பெட்டி காலியானதும் தளர்ந்ததைப் பார்த்தால் யாருடைய நன்மை என்று விளங்கும்.

சட்டம் தளர்ந்தாலும் ஊர்வாய் தளரவில்லை. உம்மா வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை விரல் சூப்பினால், "பாவம், உம்மா இல்லாத பிள்ளை, அதுதான்" என்று பிள்ளைக்கு முன்னாலேயே சொல்வார்கள். அது அனுதாபம் இல்லை, தீர்ப்பு. உம்மா வீட்டிலேயே இருக்கிற பிள்ளைகளும்தான் விரல் சூப்புகிறார்கள், அவர்களுக்கு என்ன காரணம் சொல்வது? தாய்ப்பால் கனகாலம் குடித்த பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. உண்மை. ஆனால் பால் மறக்கடித்துவிட்டு ஆறாம் மாதத்தில் விமானம் ஏறுகிற உம்மாவிடம் போய் அதைச் சொல்வதில் என்ன பிரயோசனம்? அவள் மார்பு கட்டி வலித்ததை அவளே அறிவாள். விரலைப் பார்த்து அவளைக் குற்றம் சொல்கிறவர்கள், அவள் அனுப்புகிற காசில் கட்டின சுவருக்குள் இருந்துதான் சொல்கிறார்கள்.

இதில் மோசமானது வீடியோ கோல். வாரத்தில் இரண்டு தரம், நெட்வேர்க் கிடைத்தால் உம்மாவின் முகம். ஃபோனைப் பிடித்திருக்கிற ஆள் சந்தோஷமாகப் போட்டுக் கொடுப்பார்: "பாருங்க, இன்னும் சூப்புறாள், சொல்லுங்க இவளுக்கு." அங்கே இருந்து உம்மா, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், "சூப்பினா உம்மா வரமாட்டேன்" என்று சொல்லிவிடுவாள். ஒரு வார்த்தைதான். பிள்ளை அதை அப்படியே நம்பும். தன் விரல்தான் உம்மாவை அங்கே பிடித்து வைத்திருக்கிறது என்று நம்பும். ராத்தாமாரே, ஃபோன் உங்கள் கையில்தான் இருக்கிறது. இந்த ஒன்றை நீங்கள் நிறுத்தலாம். கோல் வருகிற நேரம் விரலைப் பற்றிக் கதைப்பதில்லை என்று வீட்டில் ஒரு முடிவெடுங்கள். அதற்குப் பதில் பிள்ளை அன்றைக்குச் செய்த ஒன்றைக் காட்டுங்கள், கடற்கரையில் பொறுக்கின சிப்பி என்றாலும் பரவாயில்லை. உம்மாவிடமும் தனியாக ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டு விஷயத்தைச் சொல்லி வைக்கலாம். அவளுக்கும் அது ஆறுதலாக இருக்கும், அவள்தானே கூடுதலாகப் பயப்படுகிறாள்.

வீட்டில் என்ன செய்வது? ஒரு கிழமை ஒன்றும் சொல்லாமல் கவனியுங்கள். எப்போது விரல் போகிறது? பசியில், நித்திரை வருகிற நேரம், டீவிக்கு முன்னால், பஸ்ஸில், ஆட்கள் கூடுகிற இடத்தில், பெரியவர்கள் சண்டை பிடிக்கிறபோது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நேரம் இருக்கும். பசி என்றால் சாப்பாட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குக் கொடுங்கள். டீவி என்றால் கையில் ஏதும் கொடுங்கள். ரொட்டி தட்டும்போது ஒரு உருண்டை மாவைக் கிள்ளிக் கொடுத்தால் மணிக்கணக்கில் பிசையும், அதன் ரொட்டி கறுத்துத்தான் வரும், ஆனாலும் சாப்பிட வேண்டும். சண்டை என்றால், அது பிள்ளையின் விரலில் தீர்க்கக்கூடிய பிரச்சினை இல்லை.

நான்கு, ஐந்து வயதுப் பிள்ளை என்றால் நேரே கேட்கலாம். "இதை விடணும் என்று உனக்கு விருப்பமா?" என்று. இல்லை என்றால் இன்னும் இரண்டு மாதம் பொறுத்துக் கேளுங்கள். விருப்பம் என்றால்தான் மிச்சம் எல்லாம் வேலை செய்யும். கண்ணாடிக்கு முன்னால் நிற்கவைத்து, சூப்பினால் பல் எப்படி அசையும் என்று காட்டலாம், பயமுறுத்தாமல். அந்தப் பொத்திப் பிடிக்கிற வித்தையை விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள், பெருவிரலைக் கைக்குள் ஒளித்து வைக்கிற விளையாட்டு. ஆட்களுக்கு முன்னால் மறந்து சூப்பினால் பேர் சொல்லிக் கூப்பிடாமல் தோளில் இரண்டு தட்டு, உங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த சைகை. கடைக்காரர் கொடுத்த கலண்டர் எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்குகிறதுதானே. அதில் விரல் போகாத பின்னேரத்துக்கு ஒரு கீறல், பிள்ளையின் கையாலேயே. ஐந்து கீறல் சேர்ந்தால் ஏதும் சின்னதாக. கொஞ்சம் பெரிய ஆசை என்றால் பத்துக் கீறல். சூப்பின நாளுக்கு குறுக்குக் கோடு போடவே கூடாது, அது வெறுமையாகக் கிடக்கட்டும்.

பகலை முதலில் வெல்லுங்கள், இரவு கடைசி. நித்திரையில் போகிற விரலுக்குப் பிள்ளை பொறுப்பில்லை. பிள்ளை தானே கேட்டால் கைக்கு ஒரு சொக்ஸ் போடலாம், விரலில் ஒரு பிளாஸ்டர் சுற்றலாம், கை நீண்ட சட்டை போடலாம். வலுக்கட்டாயமாகக் கட்டினால் அது ஹொஃப்மனின் தையல்காரன் வேலைதான். நித்திரைக்கு முன்னம் ஒரு கதை, முதுகு தடவுதல், உம்மாவின் பழைய சேலைத்துண்டு, விரலின் இடத்தில் வைக்க ஏதாவது வேண்டும். வெறும் இடத்தைக் கொடுத்தால் விரல்தான் திரும்பி வரும்.

கேலிப் பட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. "சூப்பி" என்று பேர் வைத்துக் கூப்பிடுகிறவர்கள் அநேகமாகப் பெரியவர்கள் இல்லை, எங்கள் வயதுக்காரர்கள். மைதானத்தில் நானாவின் கூட்டாளிமார் முன்னால் ஒரு தரம் சொன்னால் போதும், பத்தாம் வகுப்பு வரை அந்தப் பேர் கூடவே போகும். பேர் வைத்த பிள்ளை சூப்புவதை நிறுத்தாது, ஒளிந்து சூப்பப் பழகும். கதவுக்குப் பின்னால், போர்வைக்குள். அங்கே தோளில் தட்ட ஆளிருக்காது.

மூன்று நாலு மாதம் இப்படிப் பார்த்தும் நிற்கவில்லை, பிள்ளைக்கு ஆறு நெருங்குகிறது என்றால் பல் சிகிச்சைக்குப் போங்கள். அரசாங்கத்தில் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்கென்றே மகரகமவில் பயிற்சி பெற்றவர்கள், 13 வயது வரை பார்ப்பார்கள், காசு இல்லை. அவர்கள் தேவையென்று கண்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு, பல் சீரமைப்பு வைத்தியரிடம் அனுப்புவார்கள். முதலில் கிளினிக்குக்கு வருகிற மருத்துவிச்சியிடமே கேட்கலாம், பிள்ளையின் நிறையை எழுதுகிற அதே நேரத்தில். கேட்க வெட்கப்பட ஒன்றும் இல்லை, அவர் நாளாந்தம் பார்க்கிற விஷயம்.

ஒன்று நிச்சயம் நடக்கும். இருபது கீறல் விழுந்த பிறகு ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அல்லது வீட்டில் புதுப்பிள்ளை பிறக்கும், அல்லது லீவில் வந்த உம்மா திரும்பிப் போவாள். அன்றைக்கு இரவு விரல் வாய்க்குள் இருக்கும். பார்த்தும் பாராமல் போர்வையை இழுத்துவிட்டு வாருங்கள். அந்த நாலு நாளைக்குக் கலண்டரில் ஒன்றும் கீற வேண்டாம். காய்ச்சல் விட்டு, பிள்ளை மண்ணில் இறங்கி ஓடத் தொடங்கினதும், பேனையை எடுத்து அதன் கையிலேயே கொடுங்கள்.